விலாசம் மாறிய நன்றி

"பிரின்டரு இன்னா, செத்துப்போச்சா?" என்று சாபிரா கேட்டபோது, செங்கொடி டீயில் இன்னும் வாய்கூட வைக்கவில்லை.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இருந்தது வேதமாணிக்கத்தின் கன்டெய்னர் ஆபீஸ். சாபிரா கேட் பாஸ் அடித்துக் கொடுத்தால்தான் யார்டிலிருந்து லாரி துறைமுகத்துக்குக் கிளம்பும். அன்று சாயங்காலம் கப்பல். வாசலில் லாரிகள் சேர ஆரம்பித்திருந்தன.

செங்கொடி சாபிராவின் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

காலையில் கண் விழிக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன் விலாசம் என்ன என்று நெட்வொர்க்கில் கேட்கும். பின்னறையில் இருக்கும் கிழட்டு சர்வர் யோசித்து, மெதுவாக ஒரு விலாசம் கொடுக்கும். அது இருந்தால்தான் பிரின்டரோடு பேச முடியும். சாபிராவின் கம்ப்யூட்டரில் இருந்ததோ அந்த ஆபீசுக்குச் சம்பந்தமே இல்லாத விலாசம்.

அதைக் கொடுத்த புண்ணியவான் யார் என்று செங்கொடிக்குத் தெரியும். அவள் ஒரு கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வியாசர்பாடி வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள்ளேயே, ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு பொய் கம்ப்யூட்டரை உண்டாக்கி வைத்திருந்தாள். 'வர்ச்சுவல் மெஷின்' என்பார்கள். அந்த மென்பொருளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சரியாக அடக்கி வைக்காவிட்டால், கேட்கிறவர்களுக்கெல்லாம் அதுவும் விலாசம் கொடுக்கும். சர்வரை முந்திக்கொண்டு கொடுக்கும்.

அடக்கி வைத்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். வேலை நிரந்தரமாவதற்கு அந்த மாதம்தான் பாக்கி. அவள் ஓடிப்போய் பொய் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு வந்தாள்.

"இப்ப அணைச்சுப் போடுக்கா."

சாபிரா அணைத்துப் போட்டாள். மறுபடியும் அதே கண்காணாத விலாசம்.

பழைய விலாசம் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று செங்கொடி முடிவு செய்தாள். "எல்லாரும் ஒரு தபா அணைச்சுப் போடுங்க" என்று ஹாலைப் பார்த்துச் சொன்னாள். அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களும் அணைந்து, எழுந்து, வழி தெரியாமல் விழித்தன.

"ஒண்ணு போயிருந்துச்சு. இப்ப மொத்தமா பூட்ச்சு" என்றாள் சாபிரா.

பக்கத்து மேசையிலிருந்து லூயிஸ் எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் பிரிவில் இருந்ததே அவரும் செங்கொடியும்தான். ராயபுரத்துக்காரர், அவளுக்கு சீனியர். சட்டையின் முதுகு வியர்வையில் ஒட்டியிருந்தது.

"நான் பாக்கட்டாம்மா?"

"வேணாம்ணே, நீங்க குந்துங்க. நான் பாத்துக்கறேன்." அவர் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

லூயிஸ் அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

இனி கையாலேயே விலாசம் எழுதிவிடலாம் என்று செங்கொடி சாபிராவின் கம்ப்யூட்டருக்கு ஒன்றை எழுதினாள். பதற்றத்தில் அது பிரின்டருடைய விலாசமாகப் போய்விட்டது. ஒரே விலாசத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாட, பிரின்டர் பாதி கேட் பாஸை வெளியே தள்ளிவிட்டு அடங்கிப் போனது.

வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. லாரி வரிசை விம்கோ நகர் பக்கம் நீண்டுவிட்டதாக வாட்ச்மேன் வந்து சொன்னான். அறைக் கதவைத் திறந்துகொண்டு வேதமாணிக்கம் வந்தார். திருச்செந்தூர் பக்கத்து மனிதர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"என்னம்மா நடக்கு இங்க? கப்பல்காரன் நமக்காகக் காத்துக்கிட்டா நிப்பான்? ஒவ்வொரு மெஷினா பாருங்க. வா, இந்த மூலையில இருந்து ஆரம்பிப்போம்."

அவர் கை காட்டிய மூலையில்தான் லூயிஸின் மேசையும், அதை ஒட்டி அவளுடையதும் இருந்தன. செங்கொடி குறுக்கே போய் நின்றாள்.

"இங்க ஒண்ணும் இல்ல சார். லூயிஸ் அண்ணன் மெஷினையும் சேத்து நான் பாத்துட்டேன். சுத்தமா கீது."

"அப்பம் இது யாரு பாத்த வேலை?" என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார் வேதமாணிக்கம்.

சொல்லிவிடுவோம், வேலை போனால் போகட்டும் என்று செங்கொடி வாயைத் திறந்தாள். அதற்குள் லூயிஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"நான்தான் சார். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

செங்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. லூயிஸ் குனிந்து தன் மேசைக்கு அடியில் ஏதோ செய்ததும், சாபிராவின் விலாசத்தைத் திருத்தியதும், எல்லாரையும் இன்னொரு முறை அணைத்துப் போடச் சொன்னதும் கண்ணீருக்குள் கலங்கலாகத்தான் தெரிந்தன. கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பிரின்டர் கரகரவென்று கேட் பாஸை அடித்துத் தள்ளியது.

"லூயிஸு, உமக்கு இந்த வயசுல இது தேவையாவே?" என்றார் வேதமாணிக்கம். "வீட்டுக்குப் போயி நல்லா யோசியும். திங்கக்கிழமை பேசிக்கிடுவோம்."

லூயிஸ் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினார். லாரிகள் நகர்ந்தன. சாமான் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. செங்கொடிக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் அம்மா ரமாபாய் அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கூடப் பொறந்தவன்கூட இப்டி நிக்க மாட்டான்டி" என்றாள் பிறகு. "நாளைக்கு அவரு வூட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லு. கையை வீசிக்கினு போவாத."

மறுநாள் ஞாயிறு. ரமாபாய் அடுப்பிலேயே நின்று பிரியாணி செய்து கொடுத்தாள். பஸ்ஸில் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு, லூயிஸிடம் சொல்லவேண்டியதை செங்கொடி மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். திங்கட்கிழமை முதலாளியிடமும் தானே போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். அப்படித் தீர்மானித்த பிறகு மூச்சு இலேசாக வந்தது. தனக்காக ஒருத்தர் எழுந்து நின்றார் என்கிற நினைப்பே போதுமாக இருந்தது.

ராயபுரத்தில் அந்தச் சந்து வீட்டின் கதவை லூயிஸின் மனைவி திறந்தாள்.

"அண்ணன் கூட வேலை பாக்கறேன்கா. அண்ணன் கீறாரா? ஒரு நன்றி சொல்லணும்."

"உள்ள வந்து குந்தும்மா, இப்ப வந்துருவாரு" என்றாள் அவள். "பொட்டிக்குள்ள பொட்டின்னு என்னாவோ ஒண்ணை இவரு திருட்டுத்தனமா ஓட்டி, நேத்து உங்க ஆபீஸையே கவுத்துட்டாராமே. அது தெரிஞ்சும் இவரைக் காட்டிக் குடுக்காம, முதலாளிக்கே குறுக்க வுழுந்து காப்பாத்துச்சாம் செங்கொடின்னு ஒரு பொண்ணு. அது நல்லா இருக்கணும்னு சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தப் போய்க்கீறாரு."