ரிஜெக்ட் அண்ணாச்சி எழுதிய உயில்

இந்த உலகத்தில் குறையே இல்லாத பொருள் என்று ஒன்று இருந்தால், அதை ரிஜெக்ட் அண்ணாச்சி இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற துணி தயாரிக்கும் கம்பெனியில் நானும் அவரும் வேலை பார்த்தோம். நான் பேக்கிங், அவர் செக்கிங். இழை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடியும், 'ரிஜெக்ட்' என்ற ரப்பர் ஸ்டாம்பும் எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். ஒரு இழை குறைந்தாலும் டப்பென்று முத்திரை விழும். ரிட்டயர் ஆனபிறகும் இரண்டையும் விடவில்லை. என் கல்யாண மேடையில் ஏறி, பெண்ணின் முந்தானையில் கண்ணாடியை வைத்து, "ஏலே, ஒரு இழை விட்டுருக்கான்லே" என்றார். என் மனைவி அவரை மன்னிக்க ஆறு வருஷம் ஆனது.

அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினிக்குச் சர்க்கரை, காலில் புண். அண்ணாச்சி தானே பார்த்துப் பாஸ் பண்ணிய துணியால் தினமும் கட்டுப் போட்டார். புண் ஆறவில்லை. மதினி போய்விட்டார்கள்.

"துணியில குத்தமில்லலே. பொறவு ஏன் ஆறல? எவனாச்சும் கண்டுபிடிக்கணும்லா" என்றார். பிள்ளைகள் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டை மருத்துவ ஆராய்ச்சி செய்கிற டிரஸ்ட் ஒன்றுக்கு உயில் எழுதுவதென்று முடிவு செய்தார்.

டிரஸ்டையும் செக் பண்ணாமல் விடுவாரா? மதுரைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். முதல் இடத்தில் ஒருவர் எல்லா வியாதியையும் ஒழித்துவிடுவோம் என்றார். ரிஜெக்ட். இரண்டாவது இடத்தில், புண் ஏன் ஆறவில்லை என்று கேட்டதற்கு ஒரு டாக்டரம்மா, "தெரியலைங்க ஐயா. அதத்தான் தேடுறோம்" என்றார்.

வெளியே வந்ததும், "தெரியலன்னு வாயத் தொறந்து சொல்லுதாவ பாரு. பாஸ்!" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு எனக்கு மயக்கமே வந்துவிட்டது.

அதற்குள் அவர் இதயத்தில் அடைப்பு. திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முன் கையெழுத்து விழாமல் ஏதாவது ஆகிவிட்டால், வீடு அவர் முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகளுக்குப் போய்விடும்.

ஆனால் உயில் அண்ணாச்சியைத் தாண்டி வரவேண்டுமே! முதல் பிரதியில் ஓரம் கோணல். இரண்டாவதில் மதினி பெயர் மங்கலாக விழுந்திருந்தது. மூன்றாவதில் காகிதம் மெலிசு. எல்லாவற்றிலும் டப், டப். பத்திரம் எழுதுகிறவர் அழாத குறை.

வெள்ளிக்கிழமை நாலாவது பிரதி. கண்ணாடி வைத்துப் பார்த்தார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். நானும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரும் சாட்சி போட்டோம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அவர் கை தானாகப் பைக்குள் போனது.

டப்!

கையெழுத்தின் மேலேயே 'ரிஜெக்ட்'.

பத்திரக்காரர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "பழக்கதோசம்லே" என்றார் அண்ணாச்சி, தலை குனிந்து.

ஸ்டாம்பைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். ஐந்தாவது பிரதியில் கையெழுத்துப் போடும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பயமாருக்குலே" என்றார். எனக்கும்தான் இருந்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் பார்க்கப் போனேன். மனிதர் படுத்தபடி, தன் நெஞ்சுக்கட்டின் மேலேயே பூதக்கண்ணாடியை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"இழை சரியா இருக்கு. நம்ம ஊருத் துணியாத்தான் இருக்கும். ஸ்டாம்ப எப்பம்லே தருவ?"

தரமாட்டேன் என்றேன்.

அண்ணாச்சி வீடு கைக்கு வர, அந்த டாக்டரம்மா இன்னும் ரொம்ப வருஷம் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருக்கட்டும்.