மூணாவது அலசல்

ஆளில்லாத சாக்ஸ்களுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள் அவள். அந்தச் சலவைக் கடையில் ஆறு மெஷின். ஜனங்களே வந்து, டோக்கன் போட்டு, துணியைத் துவைத்து எடுத்துப் போவார்கள். போகும்போது ஆளுக்கு ஒற்றை சாக்ஸை மறந்துவிட்டுப் போவார்கள். இரண்டையும் மறந்தாலாவது யாராவது மாட்டிக்கொள்ளலாம். எல்லாம் ஒரு பெரிய கூடையில் சேரும். அந்தக் கூடைக்கு அவள்தான் கல்யாணத் தரகர்.

அவளைக் கட்டிய வீட்டுக்காரர் தண்ணீர் பில்லோடு வந்தார். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி வருகிற மாதிரி இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"பாத்தியா? நமக்குக் கடலையே வித்துட்டானுங்க!"

"அதைத்தாங்க நானும் சொல்ல வந்தேன். தினம் காலையில நீங்க..."

"காலையிலயே யோசிச்சு முடிச்சுட்டேன்! மூணு நாளா அலசி ஆராய்ஞ்சதுல என்ன தெரிஞ்சது? அலசல்தான் ஜாஸ்தி! ஒரு தடவை துவைக்குது, மூணு தடவை அலசுது. எதுக்கு மூணு? துணி என்ன கொலையா பண்ணிட்டு வந்திருக்கு? இனிமே ரெண்டு அலசல்தான். இது என் சபதம்!"

அவருக்கு வாரத்துக்கு ஒரு சபதம். அவளுக்கு வருஷத்துக்கு ஒரு வாக்கியம். எதையும் மனசுக்குள் நாலு தரம் ஒத்திகை பார்த்துத்தான் வாயைத் திறப்பாள். ஒத்திகை முடிவதற்குள் நாடகம் முடிந்து ஜனங்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"ஜனங்க கண்டுபிடிச்சிட மாட்டாங்களாங்க?" என்று அவள் கேட்டு முடித்தபோது, அவர் ஐந்தாவது மெஷினின் முதுகில் இருந்தார். ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் சின்ன மூடி. மூடிக்குள் ஒரு திருகு. திருகைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருக்கும். ஆறையும் மூன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். ஏதோ மெடல் வாங்கினவர் மாதிரி இருந்தது.

நாலாம் நாள் நர்ஸம்மா வந்தார். ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் முப்பது பெண்கள். அத்தனை பேர் யூனிஃபார்மும் இங்கேதான் வரும். கடை நடப்பதே அந்த முப்பது யூனிஃபார்மில்தான்.

"ஏம்மா, உங்க மெஷின் அலசுதா, இல்ல அலசற மாதிரி நடிக்குதா? வேர்த்தா நுரை வருது! நேத்து ஒரு பேஷண்ட் சொல்றாரு, 'சிஸ்டர், உங்க கழுத்துல குமிழி பறக்குது'ன்னு."

அவள் ஒத்திகையை ஆரம்பித்தாள். அதற்குள் மேஜைக்குப் பின்னாலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"அது வாசனை தங்கறதுக்காகங்க! புது முறை. சோப்பு உங்களுக்கு இலவசம்!"

"இலவசமும் வேண்டாம், அரிப்பும் வேண்டாம். எதிர்த்தாப்பில புதுசா ஒரு கடை தொறந்திருக்கான். இன்னொரு தடவை நுரை வந்துச்சுன்னா முப்பது பேரும் அங்கதான். சொல்லிட்டேன்."

நர்ஸம்மா போனதும் அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். முப்பது பேரும் போய்விட்டால் இங்கே மிச்சம் யார்? அவர், அவள், நாலு வயசுப் பாப்பா, ஒரு கூடை சாக்ஸ்.

"என்னங்க, அவங்க சொல்றதுலயும்..."

"நீ ஒரு பயந்தாங்கொள்ளி! ரெண்டு நாள் கத்துவாங்க, அப்புறம் பழகிடும்."

இதைச் சொல்லும்போது அவர் கதவு நிலையில் முதுகை வைத்து மேலும் கீழுமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அரிக்குதாங்க?"

"எனக்கா? சே! நிலை ஆடுதான்னு பாக்கறேன்."

நிலை அன்றைக்குப் பூரா ஆடியது. சாயங்காலம் பாப்பா கழுத்தைச் சொறிந்துகொண்டு வந்தாள். கழுத்துச் சட்டை பட்ட இடமெல்லாம் சிவந்து தடித்திருந்தது. அம்மாக்காரிக்கு வாய்தான் வராதே தவிர, கை நன்றாக வரும்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்காரர் நாற்காலியில் குறட்டை விட்டார். ஆறு மெஷினும் ஓடும்போது எந்தக் குறட்டை யாருடையது என்று சொல்ல முடியாது. ஸ்க்ரூ டிரைவர் அவர் பையில் தூங்கியது. அவள் ஒரு டோக்கனை எடுத்தாள். டோக்கன் விளிம்பு அந்தத் திருகுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியது. ஆறும் மறுபடி மூன்றுக்கு வந்தன.

திருப்பி முடித்த பிறகுதான் பயம் பிடித்தது. பில் குறையாவிட்டால் மனுஷன் அடுத்த சபதம் போடுவார். சோப்பே வேண்டாம் என்பார். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து போய் இன்னொரு வேலையும் செய்துவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி சாக்ஸ் கூடைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த நாள் விடிந்ததும் வாசலில் கூச்சல்.

"என் ஹோஸ் எங்க? பச்சை ஹோஸைக் காணோம்! எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்!"

தினமும் அந்த ஹோஸால்தான் அவர் ஸ்கூட்டரைக் குளிப்பாட்டுவார். பாப்பாவைக்கூட அப்படிக் குளிப்பாட்டினதில்லை. தெருவில் போகிறவர், வருகிறவர் எல்லாரிடமும் குசலம் விசாரித்து முடிக்கிறவரைக்கும் தண்ணீர் அது பாட்டுக்கு ஓடும்.

"புதுசு ஒண்ணு வாங்கிக்கலாமேங்க?" என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

"எதுக்குடி வீண் செலவு? சிக்கனம்னா எல்லாத்துலயும் சிக்கனம்! ஈரத்துணி போதும்."

அவள் சாக்ஸுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். சாக்ஸுக்குள் முகத்தை மறைப்பது லேசான காரியமில்லை. ஆனாலும் சிரிப்பு வந்தால் வேறு வழி?

நுரை நின்றது. நர்ஸம்மா சிரித்த முகத்தோடு வந்து போனார். பாப்பா கழுத்து ஆறியது. கதவு நிலையும் ஆடுவதை நிறுத்தியது.

"பாத்தியா? உடம்பு பழகிடுச்சு!" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்த பில் வந்தது. முந்தினதில் பாதிதான். அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டோக்கன் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"மூளை வேணுங்க, மூளை! தண்ணியும் பாதி, ஒருத்தர்கூடக் குறை சொல்லலை."

"என்னங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"நீ என்ன சொல்ல வர்றேன்னு தெரியும். எனக்கு எப்படி இவ்வளவு அறிவுன்னு கேக்கப் போறே! இதுக்கே அசந்துட்டா எப்படி? அடுத்தது ஒரே ஒரு அலசல்தான்!"

அதோடு விட்டாரா? நாலு தெரு தள்ளிச் சலவைக் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணனை வேறு, தொழில் ரகசியம் சொல்லித் தருகிறேன் என்று சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை. கடை நிறையக் கூட்டம். நர்ஸம்மா முதல் மெஷினில் யூனிஃபார்ம்களைத் திணித்துக்கொண்டிருந்தார். அண்ணன் கைகட்டி மாணவன் மாதிரி நின்றான். வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரை உருவினார்.

"மச்சான், நல்லாப் பாத்துக்குங்க. இந்த மூடிக்குள்ளதான் சூட்சுமமே இருக்கு. திருகு ரெண்டுல நிக்குதா?"

அண்ணன் குனிந்து பார்த்தான். "மூணுல நிக்குது மாப்ளே."

"கண்ணாடி போடுங்க மச்சான்."

அவரே குனிந்தார். மூன்று. அடுத்த மெஷின், மூன்று. ஆறாவது மெஷினுக்கு வருவதற்குள் அவர் குனிந்தே நடந்தார். அதிலும் மூன்று.

"யாரு... யாரு இதைத் தொட்டது?"

"நான்தாங்க," என்றாள் அவள். ஒத்திகையே இல்லாமல் வந்துவிட்டது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. "நீங்க மாத்தின அஞ்சாம் நாளே திருப்பி வச்சுட்டேன்."

"ஓஹோ!" என்றார் நர்ஸம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "அப்ப அந்த வாசனையெல்லாம் உங்க வேலைதானா? இந்தப் பொண்ணு இல்லேன்னா நாங்க எப்பவோ எதிர்க்கடையில இருந்திருப்போம்!"

வீட்டுக்காரருக்கு அது காதிலேயே விழவில்லை. "அப்ப... தண்ணி எப்படிக் குறைஞ்சுது?"

கடையே அவளைப் பார்த்தது. யாரும் குறுக்கே பேசவில்லை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இப்படி ஒரு நிசப்தம் அவளுக்குக் கிடைத்ததேயில்லை. சாக்ஸ் கூடைக்குள் தோள்வரை கையை விட்டாள். அடியிலிருந்து பச்சை ஹோஸை இழுத்தாள். அது வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. சுருட்டி அவர் கையில் வைத்தாள்.

"மெஷின் குடிக்கலீங்க. உங்க ஸ்கூட்டர்தான் குடிச்சுது."

அண்ணன் தொண்டையைச் செருமினான். "மாப்ளே, தொழில் ரகசியம் இதுதானா?"

வீட்டுக்காரர் ஹோஸைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், மறுபடி ஹோஸைப் பார்த்தார். கடைசியில் ஈனசுரத்தில் கேட்டார்.

"ஏன்டி, இதை முதல் நாளே என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லத்தாங்க வந்தேன். அன்னைக்கு மட்டுமா, தினமும்தான் வந்தேன். நீங்க எங்க என்னை ஒரு வார்த்தையாவது முழுசா..."

கக்கூஸிலிருந்து பாப்பாவின் குரல் குறுக்கிட்டது.

"அம்மா! முடிச்சிட்டேன்! கழுவி விட வா!"