கொட்டாஞ்சேனையில் மட்டும் கத்தும் பிரேக்

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை பின்னேரம்.

மதிப்புக்குரிய நாகேந்திரம் மாமாவுக்கு மருமகன் தேனுஜன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உங்கள் சைக்கிளும் சுகம். அங்கே நீங்களும் அன்னபாக்கியம் மாமியும் சுகமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன். வாட்ஸ்அப் இருக்கும்போது இவன் ஏன் கடதாசியில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். உங்கள் போனுக்கு வருவதையெல்லாம் மாமிதான் கண்ணாடி போட்டுக்கொண்டு உரத்து வாசிக்கிறா. இது மாமி வாசிக்கக்கூடாத விஷயம். ஆகவே சீற்றுக்குக் கீழே தொங்குகிற பைக்குள் வைத்திருக்கிறேன். போகிற வழியில் காலிமுகத்திடலில் நின்று வாசித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

நிலைமை எனக்குத் தெரியும். உங்களுக்குச் சீனி கூடிவிட்டது, முழங்கால் நடக்க விடுகிறதில்லை, டொக்டர் சைக்கிள்தான் ஓடச் சொன்னார். வாங்கி மூன்று கிழமையில் சீனி இறங்கவும் தொடங்கிவிட்டது. ஆனால் பிரேக் பிடித்தால் உங்கள் ஒழுங்கையில் கிடக்கிற நாய் முழுக்க எழும்புகிறது, ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் கூட்டாளிகள் உங்களை இருநூறு மீற்றர் பின்னால் வரச் சொல்லிவிட்டார்கள், மாமியும் கடைசி வார்த்தை சொல்லிவிட்டா: "உங்கட சீனி குறையுதோ இல்லையோ, எனக்குப் பிரஷர் ஏறுது. வாற ஞாயிறு ஒருக்காக் கத்தினாலும் இது பழைய இரும்புக்காரனுக்குத்தான்." இன்று வெள்ளி. எனவே குழப்பமில்லாமல் கேளுங்கள்.

முதல்தரம் நீங்கள் கொண்டுவந்தபோது நான் சந்தேகப்பட்டது கடல் காற்றை. பிறகு யோசித்தால், வாங்கி இரண்டு நாளில் துருப்பிடிக்க அது என்ன ஆணியா. பிரேக் கட்டைகளைப் பிடித்திருக்கிற கலிப்பரைத் தளர்த்தி, நடுவுக்கு எடுத்து, திரும்ப இறுக்கினேன். மரைன் டிரைவில் பத்துத்தரம் ஓடிப் பத்துத்தரம் பிடித்தேன், ஒரு சத்தமில்லை. நீங்கள் விடிய ஐந்தரைக்கு வந்து அம்மாவிடம் பூட்டுத் திறப்பை வாங்கிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனீர்கள், நான் படுத்திருந்தேன், ஏழு மணிக்கு மாமியின் கோல் வருகிறது, ஹலோ கூடச் சொல்லவில்லை, போனைச் சைக்கிளுக்குப் பக்கத்தில் பிடிக்கிறா, கீச்ச்ச் என்று ஒரு சத்தம், பிறகு நாய்கள், பிறகு கோல் கட். இரண்டாம்தரம் சில்லோடு சுற்றுகிற டிஸ்க் தட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, வளைவு பார்த்து, கட்டைகளை மண்கடதாசியில் தேய்த்துத் தந்தேன். இங்கே சத்தமில்லை, அங்கே போனதும் கத்தல். இந்த முறை பொறுமை போய்க் கொம்பனித்தெருவில் நாங்கள் வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கடைக்கார ராசிக் நானா சில்லைக் கழற்றவுமில்லை, டிஸ்க்கில் விரலை வைத்து மணந்து பார்த்துவிட்டு, "இதுல எண்ணெ பட்டிரிக்கி தம்பி" என்றார். நான் சொன்னேன், நானா, நான் மொறட்டுவைக் கம்பஸில் நாலு வருசம் மெக்கானிக்கல் படித்தவன், பிரேக்குக்கு ஒருவரும் எண்ணெய் போடமாட்டார்கள். அவர் சிரித்தார். "படிச்ச ஆக்கள் போடமாட்டாங்க. ஊட்டுல வேற ஆரும் இரிக்காங்களா?"

வீட்டுக்கு வந்து சில்லைக் கழற்றினேன் மாமா. டிஸ்க்கின் ஓட்டைகளுக்குள்ளே மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. கிள்ளி மணந்தேன். சந்தனம். கட்டையை மணந்தேன். நல்லெண்ணெய். தொழிற்சாலையில் வந்த பிழையில் கோயில் வாசம் வராது. எண்ணெய் ஊறிய கட்டை டிஸ்க்கை ஒழுங்காகப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கி அதிரும், அந்த அதிர்வுதான் கத்தல். இங்கே கத்தாத சைக்கிள் அங்கே கத்துகிறது என்றால் எண்ணெய் அங்கேதான் படுகிறது. கொட்டாஞ்சேனையில் உங்கள் வீட்டில் சாமித்தட்டோடு திரிகிறவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாமி நல்லவ, பக்தியானவ, அவ வைக்கிற கத்தரிக்காய்க் குழம்புக்கு நான் அடிமை. ஆனால் பளபளப்பாக ஒன்றைக் கண்டால் குத்துவிளக்கென்று நினைத்து எண்ணெய் பூசிப் பொட்டு வைக்கிறா, பிறகு அவவே கத்துதென்று கத்துறா. இதை அம்மாவிடமும் சொன்னேன். அம்மா குசினிக்குள் போய் அடுப்பில் உலை வைத்தா. தம்பி பெண்சாதியைக் குறைசொல்ல மனம் வரவில்லை என்று விளங்கிக்கொண்டேன்.

செய்யவேண்டியது இதுதான். புதுக் கட்டை போட்டிருக்கிறேன், டிஸ்க் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இது இனிக் கத்தாது, நான் எழுதித் தருகிறேன். சைக்கிளைச் சாமியறைப் பக்கம் விடாதீர்கள். இரண்டு சில்லையும் உங்கள் பழைய சாரத்தால் மூடுங்கள். மாமி தட்டோடு வந்தால் நேரே முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், அன்னம், பக்தி வேறு பிரேக் வேறு என்று. பயப்படாதீர்கள், விஞ்ஞானம் உங்கள் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு முன்னுக்கு ஓடுங்கள், சீனி இன்னும் இறங்கட்டும். மாமிக்கு என் அன்பைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்,
தேனுஜன்.

பி.கு.: கடிதத்தைப் பைக்குள் வைக்கக் கீழே பார்க்கிங்குக்குப் போனேன். அம்மா உங்கள் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறா. ஒரு கையில் சந்தனக் கிண்ணம், மற்றக் கையில் எண்ணெய் தொட்ட திரி. என்னம்மா செய்யிறீங்கள் என்றேன். "கத்தாதை. எண்ணெய் கூடிப்போச்செண்டு நீதானே சொன்னனீ, அதுதான் இந்த முறை கொஞ்சமாத் தொட்டு வைக்கிறன்." வாங்கி இங்கே கொண்டுவந்து வைத்த நாளிலிருந்து நீங்கள் விடிய வருவதற்கு முன் ஒவ்வொருமுறையும் வைக்கிறாவாம். சரி, அதை ஏன் டிஸ்க்கில் வைக்கவேண்டும், ஹாண்டில் இருக்கிறதே என்று கேட்டேன். "ஹாண்டில் பிடிக்காட்டி என்ன. தம்பி லொறிக்கு முன்னால வந்து நிக்கவேண்டியது பிரேக்காலதானே. எனக்கு இருக்கிறது ஒரு தம்பி." நாலு வருசம் படித்தவன் ஸ்பிரிட்டும் துணியும் எடுத்துவந்தேன் மாமா. துடைத்துவிட்டேன், இன்னொரு சோடிக் கட்டையும் மாற்றிவிட்டேன். இனிப் பெல்லில் மட்டும் வைப்பதாக அம்மா ஒத்துக்கொண்டா. பிரேக்குக்குத் தூர நின்று கும்பிடுவாவாம், அதற்கு எனக்கு ஆட்சேபனையில்லை. கடிதத்தைத் திரும்ப எழுத நேரமில்லை. மேலே "மாமி" என்று வருகிற இடத்திலெல்லாம், கத்தரிக்காய்க் குழம்பைத் தவிர, "அக்கா" என்று மாற்றி வாசித்துக்கொள்ளுங்கள்.