கஞ்சி போட்ட சட்டையும் சம்பந்தியின் கன்னமும்

எனக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. இத்தனை வயதில் ஒரே ஒரு மனிதரைத்தான் கைநீட்டி அடித்திருக்கிறேன். அவர் என் சம்பந்தி. அதுவும் என் மகளின் நிச்சயதார்த்தத்தில், மேடையில், மைக்குக்கு முன்னால். (மைக் இல்லாமலிருந்தால் விஷயம் முன்வரிசையோடு போயிருக்கும்.)

கோபம் இல்லை, குடி இல்லை, சீர்வரிசைத் தகராறும் இல்லை. காரணம் அக்கி.

ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருக்கிறேன். சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம், குடியிருப்பு குவார்ட்டர்ஸில். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் இடது விலாவிலிருந்து முதுகு வரை பட்டையாகக் கொப்புளம் கிளம்பியது. என் மனைவி ராஜி பார்த்தவுடன் அக்கி என்று கண்டுபிடித்து, நெமிலிச்சேரிப் பக்கம் மண்பாண்டம் செய்யும் ஒருவரிடம் அழைத்துப் போனாள். அவர் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசி, நடுவில் ஒரு சிங்கமும் வரைந்துவிட்டார். "மூணு நாளு தண்ணி படாம வச்சுக்க நைனா, சிங்கம் பாத்துக்கும்" என்றார். பனியனுக்குள் சிங்கத்தோடு வேலைக்குப் போகிறோம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. வலி உதிரவில்லை.

அடிபட்ட வலி எனக்குத் தெரியும். அது ஓரிடத்தில் இருக்கும், நாளாக நாளாகக் குறையும். இது வேறு ஜாதி. பனியன் உரசினால் எரியும். மின்விசிறிக் காற்று பட்டால் ஊசி இறங்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது யாரோ ஒயரைப் பிடுங்கி முதுகில் வைத்ததுபோல் சுரீரென்று ஒரு வெட்டு. சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் பார்த்தால் மங்கலான தழும்பைத் தவிர ஒன்றுமே இருக்காது. எங்கள் பிரிவில் கேஜ் என்கிற அளவுகருவியில் சிக்காத குறை குறையே இல்லை, பாஸ் போட்டு அனுப்பிவிடுவோம். என் முதுகுக்கும் அப்படியே பாஸ் போட்டேன். "ஆறிடுச்சாங்க?" என்று ராஜி கேட்டபோது "ஆறிடுச்சு" என்றேன்.

இங்கே ராஜியின் கஞ்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சட்டைக்குக் கஞ்சி போடுவதில் எங்கள் குவார்ட்டர்ஸில் அவளை மிஞ்ச ஆளில்லை. சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, பதம் பார்த்து, முக்கி எடுத்துக் காயவைத்து இஸ்திரி போட்டால் சட்டை தானாகவே எழுந்து டூட்டிக்குப் போய்விடும்போல் இருக்கும். அந்த விறைப்பை முதுகில் ஏற்றிக்கொண்டு தினமும் சைக்கிள் மிதித்தேன். கஞ்சி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

சொல்லாததற்குக் காரணம் என் மகள் மலர். அவளுக்கு அப்போதுதான் வரன் கூடி வந்தது. திருமழிசையில் பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம், மாப்பிள்ளைக்குத் தொழிற்பேட்டையில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு பேரும் போனில் பேசிப் பேசி, மலர் தனியாக இருக்கும்போதும் தானாகச் சிரிக்கும் நிலைக்கு வந்திருந்தாள். அப்பனுக்கு நரம்பில் கோளாறு என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். (போதாக்குறைக்கு, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுச் சுவர்களில் நரம்பு என்ற சொல்லோடு என்னென்ன விளம்பரம் ஒட்டியிருக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.)

அதே பூந்தமல்லியில்தான், வலி தாங்காமல், வீட்டுக்குத் தெரியாமல் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்தேன். என் மகள் வயதுதான் இருக்கும். நான் சொன்னதையெல்லாம் ஒரு சந்தேகப் பார்வைகூட இல்லாமல் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"புண்ணு ஆறிடுச்சு சார், நரம்பு ஆறல. காலிங் பெல் சுவிட்ச் உள்ள மாட்டிக்கிட்டா வாசல்ல ஆளே இல்லாம அடிச்சுக்கிட்டே இருக்கும்ல? அப்படித்தான். கொப்புளம் வந்த உடனே வந்திருக்கலாம்."

"சிங்கம் வரைஞ்சோம் டாக்டர்."

அவர் சிரிக்கவில்லை. மாத்திரை எழுதினார். "இது தலைவலி மாத்திரை மாதிரி இல்ல. வலிச்சாலும் வலிக்காட்டியும் தினமும் போடணும். கொஞ்சம் தூக்கம் வரும். நீங்களா நிறுத்தக்கூடாது. உரசாத துணியாப் போடுங்க. முக்கியமா, வீட்டுல சொல்லுங்க."

நான்கு உத்தரவுகளில் ஒன்றை மட்டும் நிறைவேற்றினேன். அதையும் அரைகுறையாக. மாத்திரையைத் தொழிற்சாலை லாக்கரில் ஒளித்துவைத்துப் போட்டேன். இரண்டு மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது. ஆவணியில் நிச்சயதார்த்தம். அதற்கு மூன்று நாள் முன்பு, சம்பந்தி முன்னால் கொட்டாவி விடக்கூடாது என்று நானே மாத்திரையை நிறுத்தினேன். முப்பது வருடம் சரக்கை ஆய்வு செய்த ஆளுக்குத் தன் முதுகை ஆய்வு செய்யத் தெரியாதா என்ற திமிர்தான்.

நிச்சயதார்த்தத்தன்று காலையிலேயே பெல் அடிக்க ஆரம்பித்துவிட்டது. ராஜி எனக்காகப் புதுச் சட்டை எடுத்து, விசேஷ நாள் என்று கஞ்சியைக் கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருந்தாள். துணி விலாவில் படாதிருக்க இடது கையை இடுப்பில் ஊன்றி, முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டு திருமழிசை மண்டபத்துக்குள் நுழைந்தேன். மேடையிலும் அப்படியேதான் நின்றேன்.

"பொண்ணோட அப்பா இன்னா, இடுப்புலருந்து கைய எடுக்கவே மாட்றாரு? பட்டாளமா?" என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ கேட்டது காதில் விழுந்தது.

மலர் பக்கத்தில் வந்து, "அப்பா, கொஞ்சம் சிரிச்சாப்புல நில்லுங்கப்பா" என்றாள். சிரித்தேன். அதைப் பார்த்துவிட்டு, "வேணாம்ப்பா, பரவால்ல" என்று போய்விட்டாள்.

தட்டு மாற்றுவதற்கு முன் சம்பந்திகள் பொன்னாடை போர்த்திக் கட்டிப்பிடிப்பது அவர்கள் குடும்ப வழக்கம். மாப்பிள்ளையின் அப்பா ஏகாம்பரம் ஆறடி மனிதர், மனசும் அதே அளவு. சரிகைப் பொன்னாடையை என் மேல் போர்த்தி, "வாங்க சம்பந்தி!" என்று இறுகக் கட்டிப்பிடித்து, அன்பு மிகுதியில் இடது முதுகில் ஓங்கித் தட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை, என் கை செய்தது. பளார். மைக் அதை வாங்கி மண்டபம் முழுக்கக் கொடுத்தது. ஏகாம்பரம் தடுமாறி மேஜையில் சாய, தாம்பூலத் தட்டு கவிழ்ந்து, தேங்காய் ஒன்று படியிறங்கி உருண்டு போனது.

"இன்னாய்யா இது! பொண்ணு குட்க்க வந்தியா, குஸ்தி போட வந்தியா?" என்று அவருடைய தம்பி மேடையேறினார்.

மலரைப் பார்த்தேன். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. ஆறு மாதச் சிரிப்பு முழுவதும் ஒரே நொடியில் வடிந்திருந்தது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் சொன்னது:

"கொசு."

கன்னத்தைப் பிடித்தபடி ஏகாம்பரம் கேட்டார். "கொசுவா? அம்மாம் பெர்சா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அடுத்த வெட்டு வந்தது. கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. முதலில் கண்டுகொண்டவர் ஏகாம்பரத்தின் மனைவி. "யோவ், சும்மா இரு" என்று கொழுந்தனை அடக்கிவிட்டு, "அண்ணே, ஒடம்பு முடியலையா? உள்ள வாங்க" என்று மணமகள் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே, பின்னாலேயே வந்த ராஜியிடமும் ஏகாம்பரத்திடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கி, டாக்டர், லாக்கர், மாத்திரை, எல்லாம்.

ராஜி ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்துச் சட்டையைக் கழற்றினாள். ஏகாம்பரம் என் முதுகைக் குனிந்து பார்த்தார். எட்டு மாதமாக நான் பயந்தது இந்த நொடிக்குத்தான். அங்கே காட்டுவதற்கு ஒன்றுமே கிடையாது.

"இங்க ஒண்ணும் தெர்லியே சம்பந்தி" என்றார் அவர். பிறகு சுவர்க் கண்ணாடியில் தன் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தார். நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. "ஆனா இங்க நல்லா தெர்து. இம்மாம் வலியா வச்சுகினு நின்னீங்க?"

ராஜி சட்டையைக் கையில் பிடித்து, அதன் விறைப்பான விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எட்டு மாசமா உங்களுக்கு நான் கஞ்சி போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஏகாம்பரத்தை அடித்ததற்குக்கூட நான் அவ்வளவு வெட்கப்படவில்லை.

ஏகாம்பரம் தன் தோளில் கிடந்த பழைய பருத்தித் துண்டை எடுத்து என் வலது தோளில் போட்டார். "நட்ங்க, நல்ல நேரம் போவுது" என்றார். நிச்சயதார்த்தப் போட்டோவில் பெண்ணின் அப்பா சட்டையில்லாமல் நிற்பதும் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஒரு கன்னம் மட்டும் உப்பியிருப்பதும் அதனால்தான். மலர் நடுவில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

வலி முழுதாகப் போகவில்லை. மாத்திரை இப்போது லாக்கரில் இல்லை, சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கள் வீட்டில் கஞ்சி மாட்டுக்காரருக்குப் போகிறது. நான் கசங்கிய சட்டையோடு வேலைக்குப் போகிறேன்.

ஏகாம்பரம் எப்போது வந்தாலும் கேட்டிலேயே நின்று, குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுப்பார். "சம்பந்தி! கொசு கீதா?"

இல்லை என்று நான் சொன்னால் உள்ளே வந்து வலது தோளில் கைபோடுவார். வலிக்கிற நாளில் நானும் உள்ளிருந்தபடியே, வெட்கமில்லாமல், "கீது!" என்று கத்துவேன். அன்றைக்கு அவர் வாசலிலிருந்தே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, தன் கன்னத்தை ஒரு தடவை தடவிக்கொண்டு, என்னிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவார்.