திரைக்குள் வந்த தாய்மாமன்

என் குறட்டை ராசாவுக்கு,

உங்கள் வீட்டுக்காரி சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நம் கடைக்குட்டி மிர்லானும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டிருக்கிறேன். பதில் வராது என்று தெரியும், அதற்காக முறையை விட்டுவிட முடியுமா? வியாழக்கிழமை தவறாமல் உங்களை நினைத்துப் போர்சோக் மாவுத் துண்டு பொரித்து எண்ணெய் வாசனை அனுப்புகிறேன், வந்து சேருகிறதா? போன வாரம் நான் எண்ணெய் வைத்த அதே நேரத்தில் அடுத்த வீட்டு ராபியா மீன் வறுத்தாள். வேண்டுமென்றே செய்தாளோ என்று எனக்குச் சந்தேகம். மீன் வாசனை வந்திருந்தால் அது நம் வீட்டுது இல்லை, ஏமாந்துவிடாதீர்கள்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நீங்கள் இருந்தபோது நான் உங்களுக்குக் கடிதம் எழுதினதே இல்லை. பக்கத்தில் படுத்திருக்கிறவருக்கு யார் எழுதுவார்கள்?

விஷயம் என்னவென்றால் நம்ம பையனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் படிச்சவன் பனியில நிக்க வேண்டாம், வெயில்ல நிக்க வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க. நிக்கலைங்க. எங்கேயும் நிக்கலை. அறைக்குள்ளேயே உக்காந்திருக்கான். கேட்டா "சந்தை சரியில்லம்மா"ங்கிறான். சந்தை சரியில்லைன்னா எனக்குப் புரியும், தையல் கூடத்துல எங்களுக்கும் அப்படித்தான், மாஸ்கோக்காரங்க கவுன் வாங்கலைன்னா மிஷினுக்கு உறை போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவோம். ஆனா இவங்க சந்தை என்ன சந்தைன்னே தெரியலை. புதுசா வேலைக்கு வர்றவனுக்கு மூணு வருஷ அனுபவம் இருக்கணுமாம். அனுபவம் எங்கேருந்து வரும்னு கேட்டா, வேலை பார்த்தா வருமாம். இது என்ன, குடிச்ச டீக்குத்தான் கிண்ணம் தருவேங்கிற மாதிரி இருக்கு? அதுவும் போதாதுன்னு இப்ப கம்ப்யூட்டரே புரோகிராம் எழுதுதாம். "அப்ப நீ எதுக்குடா?"ன்னு கேட்டேன். "அது தப்பா எழுதினா திருத்தறதுக்கு"ன்னான். "அது சரியா எழுதிட்டா?"ன்னேன். எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தான். அன்னிலேருந்து அந்தப் பெட்டி மேல எனக்குக் கண்ணு. நான் கூட்டும்போது அது விழிச்சிருந்தா துணி போட்டு மூடிடறேன். இவன் என்ன பண்றான்னு அது பார்த்துக் கத்துக்கிட்டுத்தானே இவன் வேலையைப் பறிக்குது?

பனி உருகறதுக்குள்ள எதுவும் அமையலைன்னா மாஸ்கோ போய் கிடங்குல பெட்டி அடுக்கப் போறேன்னு சொல்லிட்டான். நம்ம பொண்ணுங்க ரெண்டு பேரும் அவங்கவங்க வீட்டுல. கடைக்குட்டி மகன் பெத்தவங்க வீட்டோட இருக்கணும்ங்கிறது நம்ம முறை, அவனும் போயிட்டா இந்த வீட்டுல நானும் ஆணியில தொங்கற உங்க கோட்டும்தான். கோட்டோட நான் பேசறேன். அது பேச மாட்டேங்குது. உங்க குறட்டை இல்லாம எனக்குத் தூக்கமே வரலைங்க, அதைத் திட்டித் தீர்த்த வாய் இது.

அதனால இவன் வேலை விஷயத்துல நான் கண்ணை மூடிக்கிட்டு இருக்க முடியலை. போன மாசம் ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே யாரோடவோ சிரிச்சுப் பேசறான். பொண்ணு பார்த்துட்டான், சொல்லாம மறைக்கிறான்னு நினைச்சேன். சாவித் துவாரத்துல பார்த்தா மேலே வெள்ளைச் சட்டை, கீழே முட்டி கிழிஞ்ச உங்க பழைய பைஜாமா. பொண்ணுக்கு முன்னாடி எவனும் அப்படி உக்காரமாட்டான்னு மனசு ஆறிட்டு. கேட்டா இண்டர்வியூவாம். "பாதி உடம்புக்குத்தான் வேலை தர்றாங்களா?"ன்னேன். "ஆமாம்மா, மேல் பாதிக்குத்தான்"ன்னான். சிரிக்கவே இல்லை. சிரிக்காம கேலி பண்றது உங்ககிட்டேருந்து வந்தது.

அந்த இண்டர்வியூவை வச்ச கம்பெனி எல்லை தாண்டி கசாக் நாட்டு அல்மாத்தியில இருக்கு. வீட்டிலேருந்தே வேலை பார்க்கலாமாம், எனக்கு அது போதும். ஆனா அவங்க இவனுக்கு ஒரு பரீட்சை குடுத்தாங்க பாருங்க, அங்கேதான் எனக்குப் பொறி தட்டிச்சு. எங்க கூடத்துல புதுசா ஒருத்தி வந்தா ஒரு சட்டைக் கை தைக்கச் சொல்லுவோம், தையல் நேரா ஓடினா அன்னிக்கே மிஷின்ல உக்காரலாம். இவங்க கை தைக்கச் சொல்லலை. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க போன்லயே டாக்டரைப் பார்க்க நேரம் குறிச்சுக்கிற மாதிரி ஒரு புரோகிராம் முழுசா பண்ணிக் கொண்டான்னு சொல்லியிருக்காங்க. முழுக் கவுனு! காலரு, ஜிப்பு, உள்துணி எல்லாத்தோடயும்! இந்த மாதிரி ஒரு முதலாளியை எனக்குத் தெரியும், வர்றவள் எல்லாம் ஆளுக்கு ஒரு கவுன் தைச்சுக் காட்டணும்பான், "உனக்குக் கை சுத்தம் போதாது"ன்னு அனுப்பிடுவான், வாரக் கடைசியில அத்தனை கவுனும் லாரியில ஏறிப் போகும். "மிர்லான், அவன் உன் கவுனை லாரியில ஏத்தப் போறான்டா"ன்னு சொன்னேன். "அம்மா, என் கவுனை யாரும் வாங்க மாட்டாங்க, கவலைப்படாதீங்க"ன்னான். பெத்த பிள்ளை இப்படிச் சொன்னா எப்படி இருக்கும் சொல்லுங்க. ராபியாகிட்ட சொன்னா அவ உதட்டைப் பிதுக்கி, "கம்பெனின்னு ஒண்ணு இருக்கோ இல்லையோ, திரையில ஆளைக் காட்டி ஏமாத்தறாங்களாம் அக்கா"ன்னா. அவ சொல்றதை நான் நம்பறதில்லை. ஆனா நம்பாம இருக்கவும் முடியலை.

அதனால நேத்து அவங்க வச்ச கடைசி இண்டர்வியூ நடக்கும்போது அந்தக் கம்பெனி ஆளு முகத்தை நேர்ல பார்த்துடறதுன்னு முடிவு பண்ணினேன். வெறுங்கையோட போனா சண்டைக்குப் போன மாதிரி இருக்கும். திரைக்குள்ள இருந்தாலும் நம்ம வீட்டுக்கு வந்த ஆளு, ரொட்டி காட்டாம அனுப்பறதாவது? ஒரு கிண்ணம் டீயும் ரொட்டியும் எடுத்துக்கிட்டுக் கதவைத் திறந்தேன். மிர்லான் முகம் பால் திரிஞ்ச மாதிரி ஆயிட்டு. திரையில ரெண்டு பெட்டி. ஒண்ணுல வேரான்னு ஒரு ரஷ்யப் பொம்பளை, குறிப்பு எழுதிக்கிட்டிருந்தா. இன்னொண்ணுல நம்ம ஜாடையில ஒருத்தன், கண்ணாடி போட்டவன். ரொட்டியைப் பிட்டுத் திரைக்கு முன்னாடி வச்சேன்.

"எடுத்துக்கோ தம்பி. நீ கிர்கிஸா?"

"ஆமாக்கா." அவன் சட்டுனு எழுந்து நின்னான், நெஞ்சுல கை வச்சான், மரியாதை தெரிஞ்ச பிள்ளை. ஆனா எழுந்தப்ப பார்த்துட்டேங்க, மேலே கோட்டு, கீழே வாத்துப் படம் போட்ட அரைக்கால் சட்டை. பெரிய அதிகாரியாம்! எனக்குச் சந்தேகம் ரெட்டிப்பாயிட்டு.

"உக்காரு, உக்காரு, மறைச்சுக்கோ. பேரென்ன?"

"கனிபெக்."

"கனிபெக், என் பிள்ளை செஞ்சு குடுத்ததை வித்துட்டியா?"

"அம்மா!"ன்னு மிர்லான் கத்தறான்.

"நீ சும்மா இரு. சொல்லு தம்பி, வித்துட்டியா?"

"இல்லக்கா, அது பார்த்துட்டு வச்சுடுவோம். விக்கிறதுக்கு இல்ல."

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நீ யார் வீட்டுப் பிள்ளை? எந்த ஊரு?"

"அப்பாவுக்கு ஜும்கால்க்கா."

என் பொறந்த ஊரு! அதையும் நான் உடனே நம்பலை, மிர்லான் எழுதிக் குடுத்த தாள்ல தாய் ஊருன்னு எங்கேயாவது இருந்திருக்கும், பார்த்துட்டுச் சொல்றான்னு நினைச்சேன். "ஜும்கால்னா ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பேரைச் சொல்லு பார்ப்போம்"ன்னேன். நம்ம ஆளு யாராயிருந்தாலும் இதுல பொய் சொல்ல முடியாதே. அந்த வேரா ரஷ்ய மொழியில "என்ன நடக்குது?"ன்னு கேக்கறா, இவன் "கொஞ்சம் பொறுங்க, நம்மளை இப்ப இண்டர்வியூ எடுக்கறாங்க"ங்கிறான். அப்புறம் பள்ளிப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உக்காந்து சொன்னான், அப்பா பேரு, தாத்தா பேரு, அவருக்கு அப்பா பேரு, நாலாவது வரைக்கும் எனக்கு ஒட்டலை. "அஞ்சாவது போகோன்பாய்"ன்னான் பாருங்க.

"எங்களுக்கும் அஞ்சாவது போகோன்பாய்தான்டா!"ன்னு கத்தினதுல டீ கொட்டிட்டு. அழுகை வந்துட்டு எனக்கு. நீங்க போனப்புறம் என் பொறந்த வீட்டு ஆளுன்னு ஒருத்தனும் இந்த வாசப்படி மிதிக்கலை, மிதிக்க யாரும் மிச்சமில்லை, இவன் திரைக்குள்ளேருந்து வந்து நிக்கறான்.

"அப்ப நீ எனக்குத் தம்பி முறை."

"ஆமாக்கா."

"என் பிள்ளைக்குத் தாய்மாமன்."

"அப்படித்தான் வருது."

"மருமகன் முதல் தடவையா மாமன் வீட்டுக்கு வந்திருக்கான். அவன் கேக்கறதை இல்லைன்னு சொல்லக் கூடாது. குதிரை வேண்டாம், ஆடு வேண்டாம். வேலையைக் குடு."

கனிபெக் சிரிச்சான். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சான். "அக்கா, மருமகன் கெட்டிக்காரன்தான், பரீட்சை நல்லாவே பண்ணியிருக்கான். பார்ப்போம்க்கா"ன்னான். மாமன் மருமகனுக்குப் "பார்ப்போம்"னு சொல்றது எந்த ஊர் வழக்கம்? நகரத்துக்குப் போனா சொந்தத்துலயும் தண்ணி கலந்துடுது. இருந்தாலும் விடலை, கையேந்தி துவா சொன்னேன், அவனும் திரைக்குள்ள கையேந்தினான், வேராவும் எதுக்குன்னு தெரியாமலே கையைத் தூக்கிட்டா. முகத்தைத் தடவி முடிச்சோம். மிர்லான் மட்டும் ரெண்டு கையாலயும் முகத்தை மூடினவன் எடுக்கவே இல்லை. சந்தோஷம்னு நினைச்சுக்கிட்டேன்.

ஆக, உங்களுக்குச் சொல்லவந்தது இதுதான், வேலை நம்ம பக்கம் வந்துட்டு. கம்பெனி நிஜம், ஆளு நிஜம், சொந்தம் நிஜம். பையன் மாஸ்கோ போகமாட்டான். உங்க வருஷ நினைவு விருந்துக்குக் கனிபெக்கை நேர்ல கூப்பிடணும், முழு உடுப்போட வரச் சொல்லி. ராபியாவுக்கு மட்டும் இன்னும் சொல்லலை, கண்ணு பட்டுடும்.

உங்கள் மண் உங்களுக்கு மெத்தையாக இருக்கட்டும், அங்கே இருக்கிற நம் பெரியவர்களுக்கெல்லாம் என் சலாம், என் அப்பாவைப் பார்த்தால் மகள் நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி

பின்குறிப்பு: மேலே எழுதினதெல்லாம் கெட்டுப்போச்சுங்க. இப்பத்தான் மிர்லான் வந்து சொன்னான். பரீட்சை எழுதினவங்கள்ள இவன்தான் முதல்லயாம், நான் உள்ளே வர்றதுக்கு முன்னாடியே இவனை எடுக்கறதா இருந்தாங்களாம். ஆனா அந்தக் கம்பெனியில சொந்தக்காரனைத் தனக்குக் கீழே வச்சுக்கக் கூடாதுன்னு சட்டமாம், கனிபெக் ஒளிக்காம மேலிடத்துல சொல்லிட்டானாம், அவன் அஞ்சாவது பாட்டன் வழிப் பிள்ளைதான், பொய் வராது. இப்ப அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு, நிஜமாவே சொந்தமா, இல்லையா? திங்கட்கிழமைக்குள்ள சொல்லணும். "இல்லைன்னு சொல்லிடுங்கம்மா"ன்னு பையன் கெஞ்சறான், பையில துணி அடுக்க ஆரம்பிச்சிருக்கான். முன்னோர் பேர்ல பொய் சொல்லி அவன் உருப்படுவானா? ஆனா உக்காந்து யோசிச்சா எனக்கு என் மேலயே சந்தேகமா இருக்குங்க. போகோன்பாய்ங்கிற பேரு எனக்கு நினைவு வந்து கத்தினேனா, அவன் வாயிலேருந்து விழுந்ததும் பொறந்த வீட்டு ஆசையில பிடிச்சுக்கிட்டேனா? விரல் மடக்கிச் சொல்லிப் பார்க்கறேன், நாலாவதுக்கு மேல போகமாட்டேங்குது. நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்க அப்பா கறி அறுத்துக்கிட்டே உங்களை எதிர்ல உக்கார வச்சு, என் பொறந்த வழி ஏழு பேரையும் ஒண்ணொண்ணா ஒப்பிக்க வச்சாராமே, நான் திரைக்குப் பின்னால முக்காடு போட்டு உக்காந்திருந்தேன், காதுல விழலை. கேக்கறதுக்கு இப்ப உங்களைத் தவிர ஆளு இல்லை.

சொல்லுங்க, அந்த அஞ்சாவது பேரு என்ன?