மனைவியின் விமானத்துக்கு முதலுதவி

விமானம் மூக்குக் குப்புற விழுந்து கிடந்தது. மேல் இறக்கை முறிந்து தொங்கியது. ஒரு சக்கரத்தைக் காணோம். வாசலில் நின்ற சர்வேயர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவர் அந்த அறைக்குள் போயிருக்கவே கூடாது. "பசை காயுது. கதவைக்கூடத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி ஆபீசுக்குப் போயிருந்தாள். ஜன்னல் அடித்துக்கொள்கிறதே என்று நல்ல மனதோடுதான் கதவைத் தள்ளினார். காற்று குபீரென்று புகுந்ததும், அதுதான் விமானத்தைப் புரட்டியது என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டார். விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதுகிற மனுஷர். எது எதனால் உடைந்தது என்பதில் அவரை ஏமாற்ற முடியாதாம்.

அந்தக் காலத்து இரட்டை இறக்கை விமானம் அது. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் துண்டுகளை இடுக்கியால் எடுத்து, மாதக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மனைவி ஒட்டியது. சாயங்காலம் மாடல் விமானக் கிளப்பில் போட்டி. "இதுலயும் ஜெயிக்கலைன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவேன்" என்று சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற ரகம். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்போது அவள் முகத்தில் வருகிற சந்தோஷம் சர்வேயருக்கு ரொம்பப் பிடிக்கும்.

மேசையில் சிந்தியிருந்த மண்ணை முதலில் துடைத்தார். பிறகு பசைக் குழாயைப் பிதுக்கினார். இறக்கை ஒட்டியது, கூடவே அவருடைய கட்டைவிரலும் ஒட்டியது. கையும் விமானமுமாகக் கீழ்வீட்டுக்கு ஓடினார். அங்கே மனைவியின் அண்ணன், பல் டாக்டர்.

"மச்சான், காப்பாத்துங்க!"

"வாயைத் திறங்க மாப்பிள்ளை."

"பல் இல்ல மச்சான், விரல்!"

டாக்டர் நெயில் பாலிஷ் ரிமூவரை ஊற்றினார். விரல் வந்துவிட்டது. இறக்கையின் பெயிண்டும் வந்துவிட்டது.

"போச்சு! உங்க தங்கச்சி என்னைத் தொலைச்சுக் கட்டிடுவா."

"அட, பதறாதீங்க. சொத்தைப் பல்லையே புதுசு மாதிரி ஆக்கறவன் நான்."

காணாமல்போன சக்கரத்தைப் பல்செட் செய்கிற மாவில் பிடித்தார் டாக்டர். அது பல்லைப்போலவே பளபளத்தது. அதற்கு ஜோடியாக இருக்கட்டும் என்று மற்ற சக்கரத்தையும் தேய்த்தார்கள். இப்போது விமானத்தின் உடம்பெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. என்ஜினில் அப்பியிருந்த கரியைச் சுரண்டினார்கள்.

"உங்க தங்கச்சி சுத்தக்காரியாச்சே, இதை மட்டும் எப்படி விட்டா?"

"வேலைக்கும் போறா, வீட்டையும் பாக்கறா. எத்தனைதான் செய்வா, பாவம்!"

சுரண்டிய இடம் திட்டுத் திட்டாக இருந்ததால் முழுசாகச் சிவப்பு அடிக்க வேண்டியதாயிற்று. கடைசியில் ஷோரூமிலிருந்து இறக்கியதுபோல் விமானம் நின்றது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அதுவும் சற்று ஒட்டியது.

மனைவி வந்தாள். பின்னாலேயே அவளை அழைத்துப் போகக் கிளப் செயலாளரும் வந்தார்.

"காத்துல விழுந்துடுச்சு. என் தப்புதான்" என்றார் சர்வேயர். "ஆனா சரி பண்ணிட்டோம்."

அவள் விமானத்தைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். தோல் உரிந்த கட்டைவிரலைப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"நாள் பூரா இதைத்தான் பண்ணீங்களா?"

"உனக்காகப் பண்ணாம?"

"கை எரியுதா?"

சர்வேயருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "அழாதம்மா. இந்தத் தடவை நீதான் ஜெயிப்பே."

அவர் விரலைப் பிடித்து மெல்ல ஊதினாள். பிறகு எழுந்து விமானத்தைப் பத்திரமாகக் கையில் ஏந்திக்கொண்டு, "வாங்க சார், போலாம்" என்றாள்.

செயலாளர் நகரவில்லை.

"இது அழகாத்தான் இருக்கு மேடம். ஆனா நீங்க பேர் குடுத்தது விபத்துல நொறுங்கின விமானங்களுக்கான போட்டிக்காச்சே! மாசக்கணக்கா பாத்துப் பாத்து உடைச்சீங்களே, அது எங்க?"