பக்கத்துக்குப் பதினெட்டுப் பைசா

அறுபத்தெட்டாவது பக்கத்தில் பிரிண்டர் நின்றுவிட்டது.

லட்சுமணன் தட்டிப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கிச் செருகினார். சிவப்பு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"மை தீந்துபோச்சு போலகீது," என்றாள் அவர் மனைவி கார்குழலி. காலடிப்பேட்டை வீட்டு முன்னறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு டியூஷன் எடுப்பவள். "நான் பாலகணேஷ் கடையிலயே ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்யா. தெருமுனைதான?"

"பக்கத்துக்கு ரெண்டு ரூபா அழுவறியே, உனக்கே நல்லா கீதா?"

லட்சுமணன் கன்டெய்னர் யார்டில் எடைமேடை கிளார்க். கணக்கில் புலி. பொருள் வாங்குவதில் மட்டும் ராசியே கிடையாது. அவர் வாங்கிய மிக்சி, ஓடும்போதே நகர்ந்து நகர்ந்து மேடையிலிருந்து குதித்தது. அவர் வாங்கிய பீரோ வாசலுக்குள் நுழையாமல் இன்றுவரை மாமனார் வீட்டில் நிற்கிறது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் ஒரு பொருளையாவது உருப்படியாக வாங்கி, மனைவி வாயால் 'பரவால்லியே' என்று கேட்டுவிட வேண்டும். அந்த ஆசையில்தான் மூன்று வாரம் ஆராய்ச்சி செய்து, இருப்பதிலேயே மலிவான பிரிண்டரை வாங்கினார். புது கார்ட்ரிட்ஜ் விலையைக் கேட்டதும்தான், பிரிண்டரைக் கிட்டத்தட்டச் சும்மா கொடுத்திருக்கிறார்கள் என்பது புரிந்தது.

பாட்டில் மை வாங்கி ஊசியால் ஏற்றினார். அது கசிந்தது. மாதிரி வினாத்தாளைத் தொட்ட பிள்ளைகள் எல்லாம் கறுப்புக் கையோடு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் ஒரு அம்மா, வெள்ளைச் சட்டையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டாள்.

"விட்டுடேன்யா," என்றாள் கார்குழலி.

விடுவாரா? அதை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கி வந்தார்.

"பக்கத்துக்குப் பதினெட்டுப் பைசா, குழலி! பதினெட்டே பைசா!"

இந்த முறை ராசியையும் விட்டுவைக்கவில்லை. எலுமிச்சம்பழம் நசுக்க மெஷினுக்குச் சக்கரம் இல்லாததால், பழத்தை அதன் தலையில் வைத்தார். கற்பூரம் காட்டினார். மூடியைத் திறந்து, உள்ளே ஜெராக்ஸ் எடுக்கத் தாள் வைக்கும் கண்ணாடியிலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்து மூடினார்.

கார்குழலி கையால் எழுதிய வினாத்தாள், நாற்பது நகலிலும் ஐந்தாம் கேள்வி மேல் சிவப்புப் பொட்டோடு வந்தது. டீச்சர் பொட்டு வைத்தே கொடுத்துவிட்டார் என்று பிள்ளைகள் அந்த ஒரு கேள்வியை மட்டும் உருப்போட்டார்கள். பள்ளிப் பரீட்சையில் அது வரவே இல்லை.

மெக்கானிக் பக்ருதீன் வந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"பாய், மெஷின் நல்ல மெஷின்தான?"

"சோக்கா கீது. ஆனா தெனம் ஓட்டணும் நைனா. சும்மா போட்டு வெச்சா மை வர்ற ஹெட்டு காஞ்சுபூடும். அத்த மாத்தற காசுக்கு புதுசே வாங்கிக்கலாம்."

தினமும் எதை அடிப்பது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, வாசலில் ஒரு அட்டை மாட்டினார்: 'இங்கு பிரிண்ட், ஜெராக்ஸ் இலவசம்.'

தெருவே திரண்டது. ஆதார் நகல், கேரம் போட்டி நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை என்று வரிசை கட்டி நின்றார்கள். டியூட்டி முடிந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார் லட்சுமணன். "சூப்பர் மெஷின்ணா!" என்று ஆளாளுக்குச் சொல்ல, அவருக்கு உச்சி குளிர்ந்தது.

"பாலகணேஷ் கடை இன்னாயா ஆவறது?" என்று கார்குழலி ஒரே ஒரு முறை கேட்டாள்.

இவளுக்கு எவ்வளவு இளகிய மனசு என்று நினைத்துக்கொண்டே, அடுத்த ஆதாரைக் கண்ணாடியில் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து, அவரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "பரவால்லியே, நல்ல மெஷினாதான் வாங்கிகீற," என்றாள். லட்சுமணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, தெருமுனையில் ஜெராக்ஸ் கடை போர்டைப் பாலகணேஷ் கழற்றிக்கொண்டிருந்தான். லட்சுமணனுக்குச் சுருக்கென்றது.

"இன்னாடா இது, என்னாலயா? இன்னிக்கே அட்டைய எடுத்துடறேன். கடைய மூடாத."

"என் கைல இன்னாணா கீது? நான் சம்பளத்துக்கு நிக்கறவன். ஓனரம்மா மூடச் சொல்ட்டாங்க."

"ஓனரம்மாவா? யாரு அது?"

"கடை அவங்களுதுன்னு அவங்க வூட்டுக்காரருக்கே தெரியாதுண்ணா. தெரிஞ்சா சீப்பா வேற மெஷின் பாக்கறேன்னு கெளம்பிடுவாராம்."

"அடப்பாவி! அப்பிடி ஒரு ஆளோட அந்தம்மா எப்பிடித்தான் குடும்பம் நடத்தறாங்களோ. வூட்ட காட்டு, நான் பேசறேன்."

பாலகணேஷ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"நான் பேசிப் பாத்துட்டேண்ணா. 'அந்த மெஷினாண்ட குந்திகினு மனுஷன் சிரிக்கறாரு, அத நிறுத்த எனக்கு மனசு வர்ல, கடை போனா போவட்டும்'னுட்டாங்க. இப்ப டியூஷன் முடிஞ்சிருக்கும், நேரா வூட்டுக்குப் போய் நீயே பேசு."